மேடு ஏறாத செவ்வாய்க்கிழமைகள்

மார்ச் 3, செவ்வாய்

ஆஸ்பத்திரி மேட்டில் இன்றைக்கும் வேன் இழுக்கவில்லை.

பாலம் தாண்டும்வரை ஒழுங்காகத்தான் வந்தது. மேட்டில் பாதி ஏறியிருப்போம். மிதிக்கிறேன், மிதிக்கிறேன், ஆக்சிலேட்டர் தரையைத் தொடுகிறது. வண்டி மட்டும் யாருக்கு வந்த விருந்தோ என்று ஊர்கிறது. பின்னால் லாரி. அவன் கை ஹாரனிலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது போல ஒரே அலறல்.

பக்கத்து சீட்டிலிருந்து என் வீட்டுக்காரர், "காலை நல்லா அழுத்தி மிதி" என்றார். இதற்கு மேல் அழுத்தினால் கால் ரோட்டில்தான் ஊன்றும். சொல்லவில்லை. லாரியும் வேனுமாகப் பாதி ஆயுசை ஓட்டியவர். கிட்னி கைவிட்டு, டாக்டர் ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாது என்ற பிறகுதான் நான் ஓட்டவே கற்றுக்கொண்டேன். அவர் கண்ணுக்கு நான் இன்னும் 'எல்' போர்டு.

ஓரம் கட்டினேன். இன்ஜின் இருப்பது அவர் சீட்டுக்கு அடியில். இறங்கி, சீட்டைத் தூக்கிப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். எல்லாம் இருந்த இடத்தில் இருந்தது. சீட்டை மூடி, மறுபடி எடுத்தேன். வெண்ணெயாகப் போனது.

"பார்த்தியா?" என்றார்.

எதைப் பார்க்க?

அவர், நடு சீட்டில் டீச்சர், டெய்லர் அண்ணன். இந்த மூன்று பேரையும் வாரத்தில் மூன்று நாள் நேரத்துக்கு டயாலிசிஸ் மெஷினில் கொண்டுபோய்ச் சேர்ப்பதைத் தவிர இந்த வேனுக்கு இப்போது வேறு வேலை கிடையாது. செவ்வாய், வியாழன், சனி. அதுவும் மாட்டேன் என்றால் எதற்கு இருக்கிறது?


மார்ச் 4, புதன்

பட்டறையில் விட்டேன். மெக்கானிக் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். "குதிரை மாதிரி போகுதுக்கா."

"மேட்டுல ஏத்திப் பார்த்தீங்களா?"

"ரெண்டு தடவை ஏத்துனேன். சும்மா பறக்குது."

வந்ததற்கு ஏதாவது செய்ய வேண்டுமே என்று கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி மாட்டினார். பிறகு என் முன்னாலேயே அவருக்கு போன் போட்டார். "அண்ணே, வண்டில ஒண்ணுமில்ல. அக்காவைக் கொஞ்சம் கியர் பார்த்து ஓட்டச் சொல்லுங்க."

நான் என்ன, சுவரில் மாட்டின டயரா? அங்கேயேதானே நிற்கிறேன்.


மார்ச் 5, வியாழன்

சமர்த்தாக ஏறியது. எனக்கே வெட்கமாக இருந்தது.


மார்ச் 10, செவ்வாய்

இன்றைக்கு நடு சிக்னலில்.

மேட்டின் தொடக்கத்தில் அந்த நாலு ரோடு கூடும் இடம். பச்சை விழுந்து, எல்லோரும் பாய்கிறார்கள், நான் மட்டும் உறுமிக்கொண்டு நகர்கிறேன். இடது பக்கத்திலிருந்து வந்த பஸ் எங்கள் கதவுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. டீச்சர் ஊசி போடும் கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். எனக்கு அந்தப் படம் இன்னும் கண்ணைவிட்டுப் போகவில்லை.

தள்ளிக்கொண்டுபோய் ஓரம் சேர்த்து, அவர் இறங்கி, சீட்டைத் தூக்கி, மூடி — அதே கதை. உடனே கிளம்பியது.

ஆஸ்பத்திரியில் எங்கள் நேரம் தாண்டிவிட்டது. நர்ஸ் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "லேட்டா வந்தா லேட்டாதான் ஏத்த முடியும், அடுத்த ஷிஃப்ட் காத்துக்கிட்டு இருக்கு" என்றாள். மூன்று பேருக்கும் நேரத்தைக் குறைத்துவிட்டார்கள். அவர்கள் ரத்தத்தில் இருக்கும் அழுக்குக்கு இந்த வண்டியின் பஞ்சாயத்து தெரியுமா?

வீட்டுக்கு வந்ததும் அவர் ஆரம்பித்தார். "நீ கிளட்ச் மேல காலை வச்சுக்கிட்டே ஓட்டுற. அதான்."

"வைக்கல."

"உனக்குத் தெரியாது. பழக்கத்துல வைப்ப."

"அப்போ வியாழக்கிழமை எங்க வச்சேன்? சனிக்கிழமை எங்க வச்சேன்? தலைலயா?"

எழுந்து உள்ளே போய்விட்டார். 'என் கையில் இருக்கும்போது இந்த வண்டி இப்படிச் செய்ததில்லை' என்று அவர் முதுகே சொல்லிக்கொண்டு போனது.


மார்ச் 11, புதன்

பெட்ரோல் ஃபில்டர் மாற்றியாகிவிட்டது. பழையதை மெக்கானிக் வெட்டிக் காட்டினார். கொஞ்சம் மண் இருந்தது. "இதான்கா திருடன்" என்றார் அவ்வளவு நிச்சயமாக.

இருக்கட்டும். இதுவாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.


மார்ச் 14, சனி

போன வியாழனும் சரி, இன்றும் சரி, ஒரு குறையும் இல்லை. திருடன் பிடிபட்டான் போலிருக்கிறது. திரும்பும்போது வழக்கம்போல மூன்று பேரும் களைத்துத் தூங்கிப்போனார்கள். நான் மட்டும் விழித்துக்கொண்டு, ஒரு மாதத்துக்குப் பிறகு ரேடியோ போட்டேன். மெதுவாக.


மார்ச் 17, செவ்வாய்

திருடனாவது மண்ணாங்கட்டியாவது.

மேட்டில் அதே இடம். அதே லாரிக்காரர்களின் அம்மா-அக்கா அர்ச்சனை. நான் அழவில்லை, கத்தினேன். யாரை என்று தெரியவில்லை, ஸ்டீயரிங்கையாக இருக்கும்.

டீச்சர் கணக்கு வாத்தியார். ரிட்டையர் ஆனாலும் கணக்கு ரிட்டையர் ஆகவில்லை. "ஏம்மா, கவனிச்சியா? செவ்வாய்க்கிழமைதான் வருது. வியாழன், சனி வர்றதே இல்ல" என்றார்.

யோசித்துப் பார்த்தால் ஆமாம்.

டெய்லர் அண்ணன் விடுவாரா? "வண்டிக்குச் செவ்வாய் தோஷம் தங்கச்சி. இதே மாதிரி இன்னொரு வேனைப் பார்த்துக் கட்டி வச்சிடு, சரியாப் போயிடும்."

டீச்சரே சிரித்துவிட்டார். டெய்லர் அண்ணனுக்குக் குஷி. "இல்லன்னா இதைக் கேளுங்க. ஞாயிறு, திங்கள் ரெண்டு நாள் மெஷின் கிடையாது. செவ்வாய்க்கிழமை நாம எல்லாரும் தண்ணிக் குடம் மாதிரி ஊதிப் போய்த்தானே ஏறுறோம்? கனம் தாங்காம வண்டி படுக்குது."

கனம்தான் காரணமா? மெக்கானிக்கிடம் போனில் கேட்டேன். மூன்று பேருக்கும் சேர்த்து எவ்வளவு தண்ணீர் ஏறும் என்று கேட்டு, சொன்னதும் சிரித்தார். "அக்கா, எட்டுப் பேர் போற வண்டிக்கா. ரெண்டு குடம் தண்ணிக்கெல்லாம் படுக்காது."

அவர் இதில் எதிலும் சேரவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். கோபம் இன்னும் ஆறவில்லை போல. ஆறாவிட்டால் போகட்டும்.


மார்ச் 19, வியாழன்

கொழுந்தன் வந்திருந்தார். அண்ணனைப் பார்க்க வந்தவர், என்னிடம்தான் பேசினார்.

"அண்ணி, இந்த ஓட்டை வண்டியை வித்துத் தலைமுழுகுங்க. டாக்சி வச்சுக்கலாம். நீங்க எதுக்கு இந்த வயசுல லாரிக்காரன்கிட்டயெல்லாம் பேச்சு வாங்கணும்?"

அக்கறையாகத்தான் சொன்னார். ஆனால் எந்த டாக்சிக்காரன் டீச்சர் வீட்டு மாடிப்படியில் ஏறி, பையை வாங்கிக்கொண்டு, கையைப் பிடித்து இறக்குவான்? அவருக்குத் தனிக்கட்டை வாழ்க்கை. டெய்லர் அண்ணன் வீட்டில் மருமகள் மட்டும்தான், அவளுக்கும் கைக்குழந்தை. டயாலிசிஸ் முடிந்து வாந்தி எடுத்தால் எந்த டாக்சியில் வாளி இருக்கும்?

இதையெல்லாம் சொல்லவில்லை. "அவரையே கேளுங்க" என்றேன்.

அவர் கொழுந்தனிடம் சொன்னது சமையலறைவரை கேட்டது. "வண்டி நல்ல வண்டிடா. ஓட்டுறதுலதான் இருக்கு."

தாளித்துக்கொண்டிருந்த கரண்டியை அப்படியே வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் நின்றேன். கடுகு கருகி நாறும்வரை நின்றேன்.


மார்ச் 22, ஞாயிறு

இன்றைக்கு அவரே ஓட்டிக் காட்டினார்.

டாக்டர் ஓட்டக் கூடாது என்றது டயாலிசிஸ் அன்றைக்கு மட்டும்தான் என்று அவராகவே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை, ரோட்டில் ஈ காக்காய் இல்லை. சரி, போகட்டும் என்று நானும் அவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். வண்டி நிற்கட்டும் என்றுதான் உட்கார்ந்தேன். பொய் சொல்வானேன்.

மேட்டில் இரண்டு தடவை ஏற்றினார். பாதியில் நிறுத்தி, அங்கிருந்தே மறுபடி எடுத்துக் காட்டினார். ஒரு இருமல், ஒரு திணறல் இல்லை. வண்டி அவர் காலை நக்கிக்கொண்டு ஏறியது.

ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பு. "கால்ல இருக்கு சூட்சுமம்" என்றார்.

நியாயமாக அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். பற்றிக்கொண்டுதான் வந்தது. மெக்கானிக் ஓட்டினால் ஏறும், அவர் ஓட்டினால் ஏறும், நான் ஓட்டினால் மட்டும் ஏறாது — அதுவும் செவ்வாய்க்கிழமை மட்டும். அப்படியென்றால் என் கால்தானா? செவ்வாய்க்கிழமைக்கென்று எனக்குத் தனிக் காலா இருக்கிறது?

நிஜமாகவே எனக்குத்தான் ஏதோ கோளாறு என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது.


மார்ச் 24, செவ்வாய்

எழுதக் கை ஓடவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

கிளட்ச் பக்கம் காலே கொண்டுபோகவில்லை. செகண்ட் கியர், நிதானம், முன்னால் போதுமான இடம். அவர் சொன்னது எல்லாம் செய்தேன். மேட்டில் முக்கால்வாசி ஏறினபிறகு போனது. இந்த முறை ஊரக்கூட இல்லை, ஒரு உதறு உதறி, அணைந்தே போனது.

அணைந்ததும் பின்னால் உருள ஆரம்பித்தது. பிரேக் மிதித்தேன், கைப்பிரேக்கை இழுத்தேன், அப்படியும் மெல்ல வழுக்குகிறது. டெய்லர் அண்ணன், அந்த உடம்போடு, கதவைத் திறந்து குதித்து, ரோட்டோரத்துக் கல் ஒன்றைத் தூக்கிச் சக்கரத்துக்குப் பின்னால் போட்டார். பின்னால் ஒரு ஸ்கூட்டர், அதில் ஒரு பெண், முன்னால் சின்னக் குழந்தை. எவ்வளவு பக்கத்தில் என்று எழுத மாட்டேன்.

அவர் இறங்கிச் சீட்டைத் தூக்கி மூடியதும், கேட்கவா வேண்டும், முதல் திருப்பிலேயே ஸ்டார்ட் ஆனது.

ஆஸ்பத்திரி வாசலில் டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "தப்பா நினைக்காதேம்மா. அடுத்த வாரத்துலருந்து நான் ஆட்டோல வந்துக்கறேன். உன்மேல ஒண்ணும் இல்ல. எனக்குப் பயமா இருக்கு."

என்மேல் ஒன்றும் இல்லையாம். பிறகு யார்மேல்?

அவர்களை உள்ளே விட்டுவிட்டு வந்து, பார்க்கிங்கில் வேனுக்குள் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்து, டேஷ்போர்டை ஒரு குத்து விட்டேன். கைதான் வீங்கியிருக்கிறது.

அவர் ஒரு வார்த்தை பேசவில்லை இன்றைக்கு. 'கால்' என்ற வார்த்தைகூட இல்லை.


மார்ச் 25, புதன்

பட்டறைக்குப் போனேன். மெக்கானிக் பெட்ரோல் பம்ப் மாற்றிப் பார்க்கலாம் என்றார். அடுத்து பிளக். அடுத்து காயில். அடுத்து என்ன, என்னையே மாற்றிவிடலாமா?

"ஒண்ணும் மாத்த வேண்டாம்" என்றேன். "நீங்க தனியா ஓட்டுனா அது நிக்காது. எங்களோட வாங்க. செவ்வாய்க்கிழமை காலைல. எங்ககூட உட்கார்ந்து வந்து பாருங்க."

"அக்கா, காலைல எனக்கு இங்க —"

"நேத்து ஒரு குழந்தை அடிபட்டிருக்கும்."

இதைச் சொல்லும்போது என் குரல் எப்படி இருந்தது என்று தெரியவில்லை. பக்கத்தில் டயர் கழற்றிக்கொண்டிருந்தவர்கூட நிமிர்ந்து பார்த்தார். மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே, "வர்றேன்கா" என்றார்.


மார்ச் 28, சனி

ஒன்றும் நடக்கவில்லை, சனிக்கிழமை ஆயிற்றே.

காலையில் எழுந்து பார்த்தால் அவர் ஹாலில் நாற்காலியிலேயே உட்கார்ந்து தூங்கியிருக்கிறார். இது மூன்றாவது நாளோ நாலாவது நாளோ. கேட்டால், "உள்ள புழுக்கமா இருக்கு" என்கிறார். ஃபேன் சுற்றுகிற அறையில் என்ன புழுக்கம்? என் பக்கத்தில் படுக்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். ஒரு வண்டிக்காக இப்படியும் ஒரு வீம்பா?

இருக்கட்டும். எனக்கும் வீம்பு உண்டு.


மார்ச் 31, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

மெக்கானிக் சொன்னபடி வந்தார். டீச்சர் இல்லாத இடத்தில், டெய்லர் அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "வண்டி இழுக்கலைன்னா ஓரம் கட்டுங்கக்கா. ஆனா ஆஃப் பண்ணாதீங்க. ஆக்சிலேட்டர்லருந்து காலையும் எடுக்காதீங்க" என்றார்.

பாலம் தாண்டியது. மேடு வந்தது. நின்று தொலை, நின்று தொலை என்று வேண்டிக்கொண்டு நான் ஒரு மேடு ஏறியது இதுதான் முதல் தடவை. எங்கே இன்றைக்கு மட்டும் பறந்து என் மானத்தை வாங்கிவிடுமோ என்று வேறு பயம்.

வாங்கவில்லை. பாதி மேட்டில் காலுக்குக் கீழே அந்த வெறுமை வந்தது. நான் சொல்வதற்கு முன்னால் பின்னாலிருந்து குரல்: "அட, ஆமாக்கா."

இந்த ஒரு 'ஆமாக்கா'வுக்கு ஒரு மாதம்.

ஓரம் கட்டி, நியூட்ரலில் போட்டு, காலை எடுக்காமல் உட்கார்ந்தேன். இன்ஜின் முக்கிக்கொண்டு கிடந்தது. மெக்கானிக் இறங்கி வந்து அவர் பக்கத்துக் கதவைத் திறந்தார். "அண்ணே, இறங்குங்க. சீட்டைத் தூக்கணும்."

அவர் இறங்கவில்லை. இரண்டு கையையும் டேஷ்போர்டில் ஊன்றி, சீட்டின் நுனியில் உட்கார்ந்திருந்தார். "இருப்பா… ஒரு நிமிஷம்" என்றார்.

மெக்கானிக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. குனிந்து, சீட்டின் முன்விளிம்புக்கு அடியில் இருக்கும் கொக்கியைக் கழற்ற விரலை விட்டார். விரல் போகவில்லை. "அண்ணே, கொஞ்சம் பின்னாடி சாயுங்க. கை நுழையல."

அவர் பின்னால் சாய்ந்தார்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் என் கால் அசையாமல் இருக்க, இன்ஜின் தானாகவே தொண்டையைச் செருமிக்கொண்டு, ஓ என்று உயர்ந்தது. நான் பயந்து காலை எடுத்துவிட்டேன்.

மெக்கானிக் குனிந்தபடியே இருந்தார். மெதுவாக நிமிர்ந்து, "அக்கா, மறுபடி மிதிச்சுப் பிடிங்க" என்றார். "அண்ணே, நீங்க முன்னாடி இருந்த மாதிரியே வாங்க."

அவர் முன்னால் வந்தார். சத்தம் மெல்ல இறங்கி, முக்க ஆரம்பித்தது.

"பின்னாடி."

உயர்ந்தது.

அடுத்து மெக்கானிக் அவரை இறக்கி, சீட்டைத் தூக்கினார். சீட்டைத் தாங்கும் முன்பக்கக் கால் ஒன்று துருப்பிடித்து அரித்துப் போயிருந்தது. ஆள் நுனியில் உட்கார்ந்தால் சீட்டின் இரும்புச் சட்டம் அப்படியே இறங்கும். இறங்குகிற இடத்தில் நேர் கீழே, கிளிப் விட்டுப்போய் நகர்ந்து வந்த பெட்ரோல் குழாய். ரப்பர் குழாயில் பட்டையாக ஒரு தழும்பு. "தோட்டத்துக் குழாயை மிதிச்சா தண்ணி நிக்குமில்ல, அது மாதிரிக்கா. சமதரையில கொஞ்சம் பெட்ரோல் போதும், சமாளிச்சுக்கும். மேட்டுல நிறையக் கேக்கும், கிடைக்காது" என்றார். "நான் ஒவ்வொரு தடவையும் சீட்டைத் தூக்கிட்டுத்தானே பார்த்தேன். தூக்குனா குழாய் நேரா நிக்குது. எனக்கு எப்படித் தெரியும்?"

எங்களுக்கும்தான். ஒவ்வொரு முறையும் அவர் இறங்கித்தானே பார்த்தார். இறங்கினால் சரியாகிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை ஓட்டிக் காட்டியபோது அந்த சீட்டில் இருந்தது நான். அவர் ஸ்டீயரிங் பின்னால்.

அவர் ரோட்டோரத்தில் நின்றுகொண்டு அந்தக் குழாயையே பார்த்தார். "அப்போ நான்தானா?" என்றார்.

எனக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. ஒரு மாதமாகச் சேர்த்து வைத்தது. வாய்வரை வந்தது. அவர் நின்ற நிற்பைப் பார்த்ததும் ஒன்றும் வரவில்லை.

"நீங்க இல்லண்ணே, குழாய்" என்றார் மெக்கானிக்.

குழாயை ஒதுக்கி, ஒரு கம்பியால் கட்டினார். எதற்கும் இன்றைக்கு அந்த சீட்டில் யாரும் வேண்டாம் என்று, அவரை நடு சீட்டுக்கு மாற்றி உட்கார வைத்தார். கிளம்பினோம். வேன் மேட்டைச் சாப்பிட்டுவிட்டு ஏறியது.

அப்போதுதான் கண்ணாடியில் அவரைப் பார்த்தேன். பக்கத்திலேயே உட்கார்ந்து வந்த ஆளை நான் வழியில் திரும்பிப் பார்த்ததே இல்லை; பார்வையெல்லாம் ரோட்டிலும் காலிலும். கண்ணாடியில் முழுசாகத் தெரிந்தார். இங்கேயும் நுனியில்தான் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையையும் முன் சீட்டின் முதுகில் ஊன்றி, தோள் இரண்டும் ஏறி இறங்க. வாய் திறந்திருந்தது.

வண்டி ஓடுகிறது, ஜன்னல் திறந்திருக்கிறது, காற்று முகத்தில் அடிக்கிறது — மனுஷனுக்கு மூச்சு கிடைக்கவில்லை.

ஏன் நுனியில் உட்கார்ந்தார் என்று எங்களில் ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லையே.

"என்னங்க, மூச்சு வாங்குதா?"

"இல்ல, இல்ல."

"என்னங்க."

"சாய்ஞ்சா முட்டுது."

"எத்தனை நாளா?"

டெய்லர் அண்ணன் அவர் முதுகில் கை வைத்தார். அவர், "செவ்வாய்க்கிழமை ஜாஸ்தி" என்றார். "படுத்தாலும் முட்டுது. நீயே வண்டியோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்த. இதை வேற எங்க சொல்றது?"

ஹால் நாற்காலி. புழுக்கமாம். நானும் வீம்பு என்று நினைத்துக்கொண்டு —

ஆஸ்பத்திரியில் நர்ஸ் வழக்கம்போல எடை பார்த்தாள். "சரியாத்தானே இருக்கு" என்றாள்.

"தராசை விடுங்க. ஆளைப் பாருங்க" என்றேன். பட்டறையில் பேசின அதே குரல். டாக்டரைக் கூப்பிட்டார்கள்.


ஏப்ரல் 1, புதன்

நேற்று டாக்டர் சொன்னதை இன்றைக்குத்தான் நிதானமாக யோசிக்க முடிந்தது.

தண்ணீர் இவ்வளவு எடுத்தால் போதும் என்று அவருக்கு ஒரு எடை குறித்து வைத்திருக்கிறார்கள். அந்த எடைக்கு வந்ததும் மெஷினை நிறுத்திவிடுவார்கள். அது போன வருஷத்து உடம்புக்குப் போட்ட கணக்கு. ஒரு வருஷத்தில் அவருக்குச் சதை கரைந்திருக்கிறது. கரைந்த சதையின் இடத்தில் தண்ணீர் தங்கியிருக்கிறது. "தராசுக்கு ரெண்டும் ஒண்ணுதான்மா" என்றார் டாக்டர். நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டு இருந்திருக்கிறது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் என்று ஆரம்பித்து, அவரே நிறுத்திக்கொண்டார்.

சட்டை தொளதொளவென்று ஆனதை நான் பார்க்கவில்லையா? பார்த்தேன். சட்டை பழசாகிவிட்டது என்று நினைத்தேன்.

அவர் ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறார், இரண்டு நாள். தினமும் மெஷினில் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கிறார்கள். வேன் பட்டறையில். இரண்டுமே வீட்டில் இல்லை. தரையைத் துடைத்தேன். துடைத்ததையே மறுபடி துடைத்தேன்.


ஏப்ரல் 3, வெள்ளி

கூட்டிக்கொண்டு வந்தேன். சீட்டுக்குப் புதுக் கால் வெல்டிங் வைத்து, குழாயும் புதிதாக மாற்றிக் கொடுத்திருக்கிறார் மெக்கானிக். இந்தத் தடவை என்னிடம்தான் சாவியைக் கொடுத்து, என்ன செய்தேன் என்று என்னிடம்தான் சொன்னார். "மேட்டுல ஏத்திப் பார்த்துட்டேன்கா. ரெண்டு ஆளை நுனில உட்கார வச்சு" என்றார்.

அவருக்குக் காலில் கெண்டை இழுத்துப் பிடிக்கிறது. தண்ணீர் நிறைய எடுத்தால் அப்படித்தானாம். வலியில் என் மேல் எரிந்து விழுகிறார். சாப்பாட்டில் உப்பே இல்லை என்று தட்டைத் தள்ளினார். டம்ளரில் அளந்து தண்ணீர் வைத்தால், "எனக்கென்ன கோழிக்குஞ்சுக்கு வைக்கிற மாதிரி வைக்கிற?" என்கிறார்.

கோபிக்கத் தெம்பு வந்துவிட்டது. எனக்கும் பதிலுக்குக் கத்தத் தெம்பு இருக்கிறது. கத்தினேன்.


ஏப்ரல் 7, செவ்வாய்

ஏறியது. நான் நம்பவில்லை. மேடு முழுக்க ஸ்டீயரிங்கைப் பிடித்த பிடியில் தோள்பட்டை வலிக்கிறது.


ஏப்ரல் 9, வியாழன்

டீச்சர் வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். குழாய், சீட்டு, தராசு எல்லாம். முழுவதும் கேட்டுவிட்டு, "கணக்குல ஒரு எண்ணை எழுதி வச்சுட்டு, அது மாறவே மாறாதுன்னு இருந்துட்டாங்க" என்றார். பிறகு தன் எடையை எப்போது குறித்தார்கள் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டார். சனிக்கிழமை டாக்டரிடம் கேட்கப் போகிறாராம்.

"ஆட்டோ தூக்கித் தூக்கிப் போடுதும்மா. நான் வேன்லயே வந்துடறேன்" என்றார் நான் கிளம்பும்போது. பயம் போயிற்றா என்று கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.


ஏப்ரல் 12, ஞாயிறு

மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவர் கட்டிலில் படுத்திருந்தார். படுத்து. ஒரே ஒரு தலையணையில்.

"உன் கால்ல ஒண்ணும் இல்ல" என்றார், கூரையைப் பார்த்துக்கொண்டு.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. சட்டையெல்லாம் ஒரு சைஸ் சின்னதா தைக்கச் சொல்லணும் டெய்லர்கிட்ட."

நான் இரண்டாவதற்கு மட்டும் சரி என்றேன். முதலாவதை இன்னொரு தடவை சொல்ல வைக்க ஆசைதான். விட்டுவிட்டேன். மடித்த சட்டையையே மறுபடி உதறி மடித்தேன்.


ஏப்ரல் 21, செவ்வாய்

பின் கதவு சரியாகச் சாத்துவதில்லை. பாலத்தில் போகும்போது கடகடவென்று ஒரே சத்தம். ஒன்று போனால் ஒன்று. இந்த வாரம் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும். டீச்சருக்கும் எடையை மாற்றிக் குறித்திருக்கிறார்கள். அதனால் இன்றைக்கு அவருக்கு நேரம் கூடுதல், நாங்கள் எல்லோரும் காத்திருக்க வேண்டும். டெய்லர் அண்ணன் வழியெல்லாம் ஏதோ ஒரு கல்யாண மாப்பிள்ளையின் கோட் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தார். நாலு ரோட்டுச் சிக்னல் வரும்போது டீச்சர், "மெதுவாப் பேசுங்க" என்றார்.

ஏன் என்று திரும்பினேன். பக்கத்தில் அவர், சீட்டில் நன்றாகப் பின்னால் சாய்ந்து, தலை ஒரு பக்கம் சரிந்து, தூங்கிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில். மடியில் கை இரண்டும் சும்மா கிடந்தன.

பச்சை விழுந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை. பின்னால் இருந்த லாரிக்காரன் ஹாரனை அழுத்தினான். கையை வெளியே நீட்டி, அடிக்காதே, அடிக்காதே என்று காட்டிவிட்டு, குலுங்காமல் கிளட்சை விட்டேன்.